சேவலுக்கு ஒரு மனு

திருப்பதியில் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்க எழுத்து மூலம் அனுமதி கேட்ட ஆள் யார் என்று தேடினால், நான் ஒருவன்தான் அகப்படுவேன் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவில் மட்டும் அப்போது ஏழெட்டு வீடுகளில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அவர்களில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நான் கேட்டேன். அதுவும் கம்ப்யூட்டரில் அடித்து, மூன்று நகல் எடுத்து, மூன்றிலும் கையெழுத்துப் போட்டு.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லாமல் என் முட்டாள்தனத்தைச் சொல்ல முடியாது. நகரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்து, திருப்பதியில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிறவனாக இருந்தேன். ஊரெல்லாம் எஸ்.டி.டி. பூத்தும் கேபிள் டிவியுமாக முளைத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் முதலாளியும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கென்று கண்ணாடி அறை கட்டி, ஏ.சி. வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் நைனா அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். எங்கள் வம்சத்தில் ஏ.சி.யில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் நான். குளிர் தலைக்கேறிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

வீடு திருச்சானூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில். பின்னால் கிணற்றடியும் ஒரு முருங்கை மரமும் உண்டு. என் மனைவி, என் சொந்த அத்தை மகள், ஊரிலிருந்து வரும்போது கூடையில் இரண்டு பெட்டையும் ஒரு குஞ்சும் கொண்டுவந்தாள். அந்தக் குஞ்சு வளர்ந்து சேவலானது. நல்ல சிவப்பு, வால் மட்டும் கருப்பு.

அந்த வருஷம் தை மாதம் எங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் விடவில்லை. பதினோராவது நாள் என் மனைவி மகளின் தலைமாட்டில் நின்று, சேவலை ஊர்த் தேவதை கங்கம்மாவுக்கு நேர்ந்துவிட்டாள். சித்திரை முடிந்து அம்மன் திருவிழாவான ஜாத்திரை வரும்போது கோயிலில் கொடுத்துவிடுவதாக வேண்டுதல். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்துக் கடையில் வேலை செய்கிறவன் என்ற முறையில், இறக்கியது நான் கொண்டுவந்த மாத்திரை என்று சொன்னேன். ஆனால் நேர்ந்துவிட்ட உயிரை விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, தவறவிடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். தவறவிட்டால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகள் தும்மினால் மட்டும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிணற்றடியைப் பார்ப்போம்.

பக்கத்து வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தெலுங்குக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் காலையில் மதில் சுவருக்கு மேல் அவர் தலை மட்டும் தெரிந்தது.

"ஏமய்யா, இந்தச் சேவலுக்கு பர்மிஷன் உந்தா?"

"லேது சார்" என்றேன். இல்லை என்று சொன்னதும் தலை உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான் அவர் செய்தது. வேறு எவனாக இருந்தாலும் சேவலைக் கூடை போட்டுக் கவிழ்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பான்.

"தூக்கம் கெட்டுப் போச்சுன்னு கேக்கறாரு மாமா. நாலு முட்டெ குட்த்தா சரியாப் பூடும்" என்றாள் மனைவி.

"இது டவுனு. இங்க எல்லாம் பேப்பர்லதான்."

"பேப்பர் இருந்தா சேவலு கூவாதா?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஏ.சி. அறைக்குக் கிளம்பினேன்.

முனிசிபல் ஆபீசில் வீட்டுக் கோழிக்கென்று படிவம் ஏதும் இல்லை. இருந்த ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் கட்டம் கட்டமாக அப்படியே கம்ப்யூட்டரில் அடித்தேன். பெட்டை இரண்டு, சேவல் ஒன்று, நிறம் சிவப்பு, வால் கருப்பு. எல்லாம் நிஜம். கடைசிக் கட்டத்தில் 'விரிவாக்கத் திட்டம்' என்று இருந்தது. அதைக் காலியாக விட மனம் வரவில்லை. பந்தியில் என் இலைக்கு மட்டும் சோறு விழாதது போல இருந்தது. ஐந்நூறு என்று அடித்தேன். பார்க்க நன்றாக இருந்தது. பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டபடி அதைத் துப்பியபோது, மூன்று கோழிக்கு இவ்வளவு அழகான மனுவை ஆந்திரத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று பெருமையாகவும் இருந்தது.

மனுவை வாங்கிய கிளார்க் அம்மா தமிழும் தெலுங்குமாகப் பேசுகிறவர். கடைசிக் கட்டத்தில் அவர் விரல் நின்றது.

"ஐந்நூறா?"

"படிப்படியா, மேடம்."

"அப்போ இது வீட்டுக் கோழி இல்ல. கோழிப்பண்ணை." டமாரென்று முத்திரை குத்தினார். "சித்தூர்ல கால்நடை ஆபீஸ் லெட்டர் வேணும். பக்கத்து வீட்டுக்காரர் சைன் வேணும். இன்ஸ்பெக்டர் வந்து சூஸ்தாரு. அவர் பார்க்கிற வரைக்கும் எழுதின கோழி எழுதின இடத்துல இருக்கணும்."

"இல்லேன்னா மேடம்?"

"பண்டி வஸ்துந்தி."

வண்டி வரும். எந்த வண்டி என்று எனக்குத் தெரியும். தெருவில் திரிகிற பன்றிகளைப் பிடிக்க வருமே, கம்பி வலை போட்ட வண்டி, அது.

வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"சேவலையுமா எழுதினே?"

"அடையாளத்தோட எழுதியிருக்கேன். செவப்பு, கருப்பு வாலு."

முறத்தை ஒருமுறை தட்டினாள். மறுநாள் ஞாயிறு. அம்மாவைப் பார்த்துவிட்டு மாங்காய் வாங்கி வருகிறேன் என்று மகளையும் ஒரு கூடையையும் எடுத்துக்கொண்டு நகரிக்குப் போனாள். நான் அன்று முழுக்கச் சித்தூர் ஆபீசில் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கூடையை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. துணி போட்டு மூடி, மேலே மாங்காய் வைத்திருந்தாள். மாங்காய் நல்ல புளிப்பு.

சித்தூருக்கு லீவு போட்டுப் போனேன். சந்திரகிரிக் கோட்டை தாண்டும் வரைக்கும் தைரியம் இருந்தது. அப்புறம் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. கால்நடை ஆபீசில் இருந்தவர் மனுவைப் பார்த்ததும் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். அதுதான் என்னைக் கெடுத்தது. ஜில்லா முழுக்க ஆட்கள் பேங்கில் லோன் வாங்கிப் பண்ணை வைத்துக்கொண்டிருந்த சமயம். என்னையும் அந்த ரகம் என்று நினைத்துவிட்டார்.

"ப்ராய்லரா, லேயரா?"

கறிக்கா முட்டைக்கா என்று கேட்கிறார். "ரெண்டும்தான் சார்" என்றேன்.

"இடம் எவ்ளோ?"

"கிணற்றடி சார்."

பேனாவைக் கீழே வைத்தார். பிறகு இன்னும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். உடனடியாக நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததைக் கிளார்க் அம்மா பிரித்துப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். என்னைப் பிடிக்க வரச் சொல்லும் கடிதத்தை நானே டிக்கெட் வாங்கித் திருப்பதிக்குக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதன் பிறகு எனக்கு எந்தச் சத்தமும் சரியாகக் கேட்கவில்லை. ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் இன்ஸ்பெக்டர், லாரி சத்தம் கேட்டால் வண்டி. விடியுமுன் சேவல் கூவும்போதெல்லாம் அது என் பெயரைச் சொல்லி முனிசிபாலிட்டிக்குத் தகவல் கொடுப்பது போல இருந்தது. கடையில் ஐம்பது அட்டை காய்ச்சல் மாத்திரைக்குப் பதில் ஐந்நூறு என்று பில் அடித்தேன். அந்த எண் என் விரலில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதற்குள் ஜாத்திரைக்குச் சாட்டு போட்டுவிட்டார்கள். பறை அடித்து அறிவித்துவிட்டால், ஜாத்திரை முடிகிறவரை உள்ளூர்க்காரர்கள் ஊரைவிட்டு வெளியே போய்த் தங்க மாட்டார்கள். வழக்கம் அப்படி. சேவலைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கு ஓடிவிடலாம் என்ற யோசனை எனக்கு மறுநாள் காலையில்தான் வந்தது.

"சாட்டு போட்டாச்சு மாமா. இப்போ போய் ஓடறேன்னு சொல்லிகினு" என்றாள். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்று நினைத்தேன்.

பெரியவரிடம் கையெழுத்துக்குப் போனேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு என் கையில் மிச்சமிருந்த நகலை முழுக்கப் படித்தார். என் இங்கிலீஷில் இரண்டு பிழை திருத்தினார். ஐந்நூறைப் பார்த்தார், மதிலுக்கு மேலே எட்டி எங்கள் கிணற்றடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ நீங்க எங்க படுப்பீங்க?"

"அது வந்து சார், சும்மா எழுதினது."

"ஆலோசிஸ்தானு" என்று காகிதத்தை உள்ளே கொண்டுபோனார். யோசிக்கிறாராம். எத்தனை நாள் யோசிப்பார் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஜாத்திரைக்கு நாலு நாள் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. அந்த வாரம் ஆண்கள் விதவிதமாக வேஷம் கட்டி வீதியில் வருவார்கள். உடம்பெல்லாம் கரியும் சந்தனமுமாக வந்து நிற்பார்கள், காசு கொடுப்போம். காலையிலிருந்து நாலைந்து பேர் வந்து போயிருந்தார்கள். வாசலில் காக்கிச் சட்டையும் தோல் பையுமாக ஒருவர் நின்றார். நல்ல வேஷம் என்று நினைத்து, அவர் கையில் இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்தேன். அவர் நாணயத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"முனிசிபல் ஆபீஸ்" என்றார்.

அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனேன். பெட்டைகளை எண்ணினார். இரண்டு. சேவலைக் கவிழ்த்திருந்த கூடையைத் தூக்கச் சொன்னார். சேவல் கழுத்தை நீட்டி அவரை முறைத்தது. மனுவைப் பிரித்துப் பார்த்தார்.

"நிறம் சிவப்பு. வால் கருப்பு." குனிந்தார். "ரெக்கையில வெள்ளை இருக்குதே?"

நானும் குனிந்தேன். வலது இறக்கையில் ஒரு வெள்ளை இறகு, சுண்ணாம்புக் கோடு போல. மூன்று வருஷமாக நான் தவிடு போட்ட சேவல். என் கண்ணில் அது பட்டதே இல்லை.

"வெயில்ல வெளுத்துடுச்சு சார்."

சமையலறைக்குள் மனைவி இருமினாள்.

"சரி, ஐந்நூறு எங்க?"

இனி பொய் சொல்லத் தெம்பு இல்லை. "கட்டம் காலியா இருந்துச்சு சார், அதான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "காலியா இருந்தா கோடு போடணும்" என்றார். ஏதோ எழுதினார். முடிவு தபாலில் வரும் என்றார். அதுவரை ஒரு கோழியும் இடம் மாறக் கூடாதாம்.

"சேவல் சார்?"

"சேவலும்தான்." நாணயத்தைக் கிணற்றுச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த நாலு நாள் நான் பட்டதைச் சொன்னால் இப்போது சிரிப்பு வரும். அப்போது சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை சேவல் கங்கம்மாவிடம் போக வேண்டும். தபால் வரும்வரை அது கிணற்றடியை விட்டுப் போகக் கூடாது. கொடுக்காவிட்டால் மகள், கொடுத்தால் வண்டி. மகள் அந்தத் திங்கட்கிழமை பார்த்து இரண்டுமுறை தும்மினாள். நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில், "நைனா, கைய எடு, சில்லுனு கீது" என்று தள்ளிவிட்டாள்.

செவ்வாய் காலையில் முடிவு செய்தேன். வண்டி வந்தால் என்னையும் ஏற்றிக்கொண்டு போகட்டும். என் வாழ்க்கையில் யோசிக்காமல் தைரியமாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். சேவலைப் பிடித்துக் கால்களைக் கட்டினேன். மதிலுக்கு மேல் பெரியவர் தலை வருகிறதா என்று பார்த்தபடி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மனைவி தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, பொங்கல் பானையோடு தயாராக இருந்தாள்.

"வா, போவலாம். என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகரி பஸ்ஸில் வந்து இறங்கிய அவள் தம்பி, துணி மூடிய கூடையோடு வந்துகொண்டிருந்தான். வாசலில் வைத்துத் துணியை எடுத்தான். உள்ளே ஒரு சேவல். உடம்பெல்லாம் சிவப்பு, வால் கருப்பு, இறக்கையில் வெள்ளை இல்லை. மகள் ஓடிவந்து அதன் முதுகைத் தடவி, "நம்ம சேவலு" என்றாள்.

நான் என் கையில் இருந்ததைப் பார்த்தேன். கூடையைப் பார்த்தேன். புளிப்பு மாங்காய் ஞாபகம் வந்தது.

"அப்போ இது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"கால அவுத்து உடு மாமா, அது முனிசிபாலிட்டிக்கு நேந்தது."