ஆடி கழியட்டும் என்றேன்

என் தம்பிக்கு முதலில் போனது வலது கைக் கட்டைவிரல். செரம்பானைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் வானொலிப் பெட்டிகளுக்கு உள்ளே வைக்கும் பலகைகளில் ஈயம் வைத்து ஒட்டும் வேலை பார்த்து வந்தான். ஒருநாள் ஈயக்கோல் கையை விட்டு நழுவியது. மறுவாரமும் நழுவியது. பெரிய ஆஸ்பத்திரியில் என்னென்னவோ சோதனைகள் செய்து பார்த்துவிட்டு, இது நரம்பில் வருகிற நோய், குணப்படுத்த மருந்து கிடையாது, கையில் தொடங்கி மெல்ல மெல்ல மற்ற இடங்களுக்கும் போகும் என்று சொன்னார்கள். அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. வேலையை விட்டுவிட்டு, ரந்தாவ் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரியும் இருந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தான். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது.

வேலையை விட்டபோது கிடைத்த பணம் அவன் கையில் இருந்தது. அதனால் நடந்ததற்குப் பணத்தைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வந்த சில நாளில், நான் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"அண்ணே, சாமான் வாங்கி ஒரு கம்ப்யூட்டரு பூட்டப் போறேன். கேம் வெளையாட."

"கேமா? சின்னப் பிள்ளையாடா நீ?"

"கை இருக்கறப்பவே வெளையாடிக்கணும்ணே. அப்பறம் டிவி பாக்கலாம், படுத்துக் கெடக்கலாம். அதுக்கெல்லாம் கை வேணாம்."

இப்படிப் பட்டென்று சொல்லுவான். உள்ளே சோறு போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி கரண்டியைக் கீழே வைத்தாள். "வாங்கிக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆனி மாதக் கடைசியில் இரண்டு பேரும் பஸ் பிடித்துச் செரம்பானுக்குப் போனோம். மாடியில் ஒரு சீனர் கடை. தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடுகிற முதலாளியும் அவர் மகளும் இருந்தார்கள். தவுக்கே என் கையையும் சட்டையையும் பார்த்தவுடனே, பூட்டித் தயாராக இருந்த ஒரு செட்டைக் காட்டி, இதை எடுத்துக்கொள் அபாங், தலைவலி இருக்காது என்று மலாயில் என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார். தம்பி தலையை ஆட்டினான். சட்டைப் பையிலிருந்து, வேண்டிய சாமான்களை எழுதி வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். அவ்வளவுதான், தவுக்கே என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. அன்று அவர்கள் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. மதர்போர்டு என்பது வீட்டுக்கு அடித்தளம் மாதிரி, மற்ற எல்லாம் அதன் மேல்தான் ஏறி உட்காரும் என்று தம்பி சொன்னான். ரேம் என்பது விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டை. அதைக் கர்ப்பூரத் தட்டை வாங்குகிற மாதிரி இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். பெரிய மானிட்டர் வேண்டாம் என்றான். பெட்டி அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றான். அதிலெல்லாம் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டுபோய் ஒரே ஒரு அட்டையில் போட்டான். படம் ஓடுவதற்கான அட்டையாம்.

"இது இல்லேன்னா ரோட்டோரத்து மரமெல்லாம் பொட்டி பொட்டியா தெரியும்ணே."

"நம்ம தோட்டத்துல பாக்காத மரமாடா?"

"அது நின்னுக்கிட்டே இருக்கற மரம். இது ஓடற மரம் லா."

அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஜாய்ஸ்டிக்குக்குத்தான். கார் ஓட்டும் விளையாட்டுக்குக் கையில் பிடிக்கிற கம்பு அது. தவுக்கே நான்கு வகை எடுத்து வைத்தார். மூன்றில் மேலே கட்டைவிரலால் அழுத்துகிற பொத்தான். தம்பி அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துத் தள்ளி வைத்தான். நான்காவது தடியாக இருந்தது, பொத்தான் சுட்டுவிரல் பக்கம். அதை நாலு விரலாலும் பிடித்து இடமும் வலமும் வளைத்தான். கிரீச் கிரீச்சென்று சத்தம் வந்தது. "கட்டைவிரல் இல்லாமயே ஓட்டலாம்ணே, பாரு!" என்றான். நான் பார்த்தேன். அன்றைக்கு அவன் கை அதை இறுக்கிப் பிடித்திருந்தது. என் கண்ணால் பார்த்தது.

அந்தப் பட அட்டை மட்டும் கடையில் இல்லை. "மிங்கு டெபான் லா" என்றார் தவுக்கே. அடுத்த வாரம் வந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துப்போய்த் தன் கையாலேயே பூட்ட வேண்டும் என்று தம்பி சொன்னான். தாளைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

சொன்னபடியே ஒரு வாரத்தில் தவுக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். அட்டை வந்துவிட்டது. அன்று ஆடி இரண்டு.

தோட்டத்து மாரியம்மனுக்கு ஆடியில்தான் திருவிழா. தம்பியின் கை தேற வேண்டும் என்று அந்த வருடம் தீமிதிக்க வேண்டிக்கொண்டு, ஆடி ஒன்றாம் தேதி காப்புக் கட்டியிருந்தேன். ஆடியில் புதுசு எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது எங்கள் அம்மா அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். புதுச் சட்டியைக்கூட அம்மா வாங்க மாட்டார். கையில் மஞ்சள் கயிற்றோடு போய்ப் புதுப்பொருள் வாங்கி வர எனக்கு மனம் துணியவில்லை. ஆடி கழியட்டும் என்றேன்.

தம்பி முதலில் சிரித்தான். "புதுசுதானே ஆகாது? பழசா பாத்து வாங்கிட்டு வாயேன்."

"வெளையாடாதடா."

"சரி, இப்படிப் பாரு. தனித்தனியா வாங்குனா அது சாமான்தானே? பூட்டுனாத்தானே கம்ப்யூட்டரு? சாமான இப்ப வாங்குவோம். ஆவணியில பூட்டிக்கலாம்."

"ஆத்தாவுக்கே கணக்கு சொல்லித் தர்றியா?"

"கொழுந்தனாரு சொல்றது சரியாத்தான இருக்கு" என்றாள் என் வீட்டுக்காரி.

"நீ சும்மா இரு. அவன் கைக்காகத்தான் நான் காப்புக் கட்டியிருக்கேன். ஒரு மாசம். ஓடிப்போயிரும்."

தம்பி என் மணிக்கட்டில் இருந்த கயிற்றைப் பார்த்தான். "சரிண்ணே" என்றான்.

தவுக்கேயிடம் காரணத்தைச் சொன்னபோது, தங்களுக்கும் அப்படி ஒரு மாதம் உண்டு என்றார். பேய்கள் வெளியே வருகிற மாதமாம், அந்த மாதத்தில் பெரிய பொருள் வாங்கமாட்டார்களாம். ஆனால் விற்பேன் என்று சொல்லிச் சிரித்தார். அட்டையை எடுத்து வைத்துக் காத்திருப்பதாகச் சொன்னார். எனக்கு அது பெரிய தெம்பாக இருந்தது.

அந்த ஒரு மாதத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியவில்லை. முதல் வாரம் சட்டைப் பித்தானைப் போட்டுவிடச் சொல்லி என் வீட்டுக்காரியிடம் வந்து நின்றான். கோயிலில் கூழ் ஊற்றியபோது குவளையை இரண்டு கையாலும் பிடித்தான், அப்படியும் பாதி சட்டையில் கொட்டியது. துடைக்கப் போனேன். "ஆத்தா எனக்குக் கூழாலயே அபிசேகம் பண்ணிட்டாண்ணே" என்றான். தீமிதி அன்று அவன் குழி ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் குளித்து, வேப்பிலை பிடித்து, அவன் கையை நினைத்துக்கொண்டு நெருப்பில் இறங்கினேன். என் காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. எல்லோரும் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. அவனால் பஸ் ஏற முடியவில்லை. இரண்டு நாள் முன்பு குளியலறையில் விழுந்திருந்தான். புறப்படும்போது சொன்னான்.

"ஜாய்ஸ்டிக் வேணாம்ணே. கீபோர்டு மட்டும் வாங்கு. நல்லா மெதுவா அமுங்கறதா பாத்து வாங்கு."

"ஏன்டா? அன்னிக்கு அவ்ளோ நேரம் பாத்து எடுத்தியே."

"கீபோர்டுலயே ஓட்டலாம். அப்பறம் தவுக்கேவையே பூட்டித் தரச் சொல்லிரு."

தன் கையாலேயே பூட்டுவேன் என்றவன். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் விளங்காதவன் போல் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தவுக்கே மூன்று கீபோர்டுகளை மேசையில் பரப்பினார். எது மெதுவாக அமுங்குகிறது? அழுத்தினேன். மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. வருடக்கணக்காக நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டுகிற கை. விரல் நுனியெல்லாம் காய்த்துத் தோல் பலகையாக இருந்தது. சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தேன், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் தவுக்கேயின் மகளைக் கூப்பிட்டு, கையில் பலமே இல்லாத ஒருவருக்கு எது நல்லது என்று கேட்டேன். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து நடுவில் இருந்ததைக் கொடுத்தாள். தவுக்கே தாளை மடித்துக்கொண்டே, "ஆடேக் வரவில்லையா?" என்று தம்பியைப் பற்றிக் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். எல்லாவற்றையும் பூட்டி, ஓட்டிக் காட்டி, டாக்சி வரை தூக்கி வந்தார்.

வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் பெட்டியை வைத்துத் தேங்காய் உடைத்தேன். நெற்றியில் பூசுகிற மாதிரி பெட்டியின் முகப்பில் விபூதியை மூன்று விரலால் இழுத்தேன்.

"துன்னூறு காத்தாடி வழியா உள்ள போயிரும்ணே. அப்பறம் கம்ப்யூட்டரு சாமியாடும்."

அவன் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. கார் பந்தய விளையாட்டைப் போட்டான். போட்டது என் வீட்டுக்காரியின் விரல், எங்கே அழுத்த வேண்டும் என்று சொன்னது அவன். பிறகு அவன் வலது கையைத் தூக்கிப் பொத்தான்கள் மேல் வைத்தாள். விரல்கள் அதன் மேல் கிடந்தன. அந்தப் பெண் தேடிக் கொடுத்த மெதுவான பொத்தானும் அமுங்கவில்லை. திரையில் எல்லாக் கார்களும் போய்விட்டன. ஒன்று மட்டும் கோட்டிலேயே நின்றது. இடது கையையும் வைத்துப் பார்த்தான். நெற்றியில் வேர்த்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஓட்டுண்ணே. நான் சொல்றேன்" என்றான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் அவன் பக்கத்தில் உட்காருவேன். மோட்டார் சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத ஆள் நான். என் விரல் ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அமுங்கும். "லெப்டு, லெப்டு! ஐயோ, அது பிரேக்கு! ஆட்டுக்கு வழி விடறியா?" என்று கத்துவான். பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். எப்போதும் கடைசியாகத்தான் வருவேன்.

மறு வருடம் தையில் அவன் போய்ச் சேர்ந்தான். அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை. அதற்கு முன்னால், பேச்சு குழறத் தொடங்கியிருந்த ஐப்பசியில் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

கோயிலில் பூசை முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, மனதை அரித்துக்கொண்டிருந்ததைப் பூசாரியிடம் கேட்டுவிட்டேன். அவர் திருநீற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கல்யாணம், வீடு குடி போறது, அந்த மாதிரி காரியத்துக்குத்தான்பா ஆடி பாப்பாங்க. சீக்காளி ஆசப்பட்ட வெளையாட்டுச் சாமானுக்கு ஆத்தா எங்க வேணாம்னா? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." அவர் குத்திக் காட்டவில்லை. சும்மாதான் சொன்னார். நான் தினமும் அவர் முகத்தில்தான் விழித்தேன். அந்த ஆடி முழுக்க ஒரு தடவைகூட அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

அம்மன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் சொல்லாததை அவள் சொன்னதாக நானே நினைத்துக்கொண்டேன். இன்றும் அவள் முன்னால் போய் நிற்கிறேன். அந்த விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வருவதில்லை.

வீட்டுக்கு வந்து விளையாட்டைப் போட்டேன். கார் ஓடிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"பூசாரி இன்னிக்கு ஒண்ணு சொன்னாருடா. ஆடியிலயே வாங்கியிருக்கலாமாம். தப்பில்லையாம்."

பரவாயில்லைண்ணே என்று சொல்லுவான் என்று நினைத்தேன். அதைக் கேட்கத்தான் சொன்னேன் என்றும் இப்போது தோன்றுகிறது. அவன் அதைச் சொல்லவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துப் பேசினான்.

"ஆமாண்ணே. ஆடியிலயே வாங்கியிருந்தா... நான் ஆடியிருப்பேன். ஒரு மாசம்."

தன் வாயிலிருந்து வந்த சொல் அவனுக்கே வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். தோள் குலுங்கியது. சிரிப்பு மூச்சாகத்தான் வெளியே வந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. கண் நிறைந்து ரோடு மறைந்துவிட்டது. கார் எதிலேயோ போய் முட்டி நின்றது.

அவன் காத்திருந்தான். பிறகு, "மொதல்லேர்ந்து போடுண்ணே" என்றான்.

போட்டேன்.