ஞாயிற்றுக்கிழமை ஊசி

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம். அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் நான் கிராம செவிலியராக இருந்தேன். குழந்தைகளுக்கு ஊசி போட அரசு ஒதுக்கிய நாள் புதன்கிழமை. இரண்டு புதன் வராத தாய்மார்களின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'மறுப்பு' என்று எழுதிவிடுவேன். கண்டிப்பான நர்ஸ் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

அப்படி எழுதப்பட்ட ஒருத்தியின் வீட்டுக்கு ஒரு மாலை போனேன். பத்து மாதப் பெண் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அங்கே ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டிருந்தது. "பெத்தா மட்டும் போதுமா? புள்ள மேல அக்கறை வேணாமா?" என்று கத்தினேன்.

அவள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் கம்பெனியில் தினக்கூலி. அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திருப்பிக் கேட்டாள்: "மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன் நர்ஸம்மா? புதங்கெயம லீவு போட்டா மறுநாளு வராதன்றான் கம்பெனிக்காரன். ஞாயித்துக்கெயம எல்லாரும் ஊட்லதான் கீறோம். அன்னிக்கு நீ இன்னா பண்றே?"

துணி துவைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாளே மேலதிகாரியிடம் ஞாயிறு முகாமுக்கு அனுமதி கேட்டேன். "புதன்னு கவர்மென்ட் சொல்லியிருக்கு. உங்க இஷ்டத்துக்குக் கிழமையை மாத்த முடியுமா?" என்றார். வெளியே வந்து வீடு வீடாக ஞாயிற்றுக்கிழமை என்றே சொல்லிவிட்டேன்.

திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. ஞாயிறு காலை சுகாதார நிலையத்தின் ஸ்டாக் புத்தகத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஐஸ் பெட்டியில் மருந்தை எடுத்துப் போனேன். பூட்டியிருந்த ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்தேன். முதல் ஆளாக அவள்தான் நின்றாள். அவளுக்குப் பின்னால் நான் சிவப்பில் எழுதிய அத்தனை பேரும் வரிசையாக வந்தார்கள். மதியத்துக்குள் மருந்து தீர்ந்துவிட்டது.

திங்களன்று மெமோ வந்தது. பதிலோடு புதன்கிழமைப் பட்டியலையும் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலையும் இணைத்தேன். 'இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவும். தேவைப்பட்டால் மறுபடியும் செய்வேன்' என்று எழுதினேன். நசரத்பேட்டைக்குத் தூக்கியடித்தார்கள். போகும்போது விசாரித்தேன். அடுத்த தெருவரை அம்மை பரவியிருந்தது, அவள் குழந்தைக்கு வரவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து, ஞாயிற்றுக்கிழமையில் தெருவுக்குத் தெரு மேஜை போட்டு போலியோ சொட்டு மருந்து கொடுக்க அதே அரசே உத்தரவு போட்டது. எனக்கு யாரும் மன்னிப்புக் கடிதம் அனுப்பவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இன்றைக்கும் ஒரு தாயைப் பொறுப்பில்லாதவள் என்று யாராவது சொன்னால், அவளால் வரவே முடியாத நாளைக் குறித்தது யார் என்று எழுந்து நின்று கேட்கிறேன். அதற்காக இன்னொரு முறை தூக்கியடித்தாலும் கேட்பேன்.