அரைப்பேர்

முதியோர் பகல்நேர மையத்தின் சமையற்கட்டில் நாங்கள் இரண்டு பேர். லகாட்டிலிருந்து பஸ்ஸில் வரும் அவள் என்னைவிட இளையவள். இருவரும் அரசாங்கத் திட்டத்தின் வழியாகத்தான் சேர்ந்தோம். ஒரே வெங்காயம், ஒரே அண்டா.

முதல் மாதக் கடைசியில் அவள் போனை நீட்டினாள். "அக்கா, காசு வந்திருச்சு லா!"

எனக்கும் வந்திருந்தது. ஆனால் குறைவாக.

எனக்கு உடனே அரைப்பேர்தான் நினைவுக்கு வந்தது. அம்மா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில், வேலையை முடிக்காமல் திரும்பினால் கணக்கெழுதும் கிராணி அரைப்பேர் போடுவார். அன்றைக்குப் பாதிச் சம்பளம். என் வேலையிலும் ஏதோ குறை கண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். கேட்கவும் பயம். கேட்டால் குறையை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்களே.

அடுத்த மாதம் முழுக்கச் சீக்கிரம் வந்தேன். அண்டாவையும் நானே தேய்த்தேன். உட்காரவே இல்லை.

"என்னக்கா, மையத்தையே வாங்கப் போறீங்களா? வேணாம் லா, கூரை ஒழுவுது" என்றாள்.

அந்த மாதமும் அதே காசுதான். என் முகத்தைப் பார்த்து, வாயைக் கிளறி, விஷயத்தை வாங்கிவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு கையைப் பிடித்து அலுவலக அறைக்கு இழுத்துப் போனாள்.

பொறுப்பாளர் மலாய்க்காரப் பெண். பொறுமையாகத்தான் விளக்கினார். அவளுக்கு வருவது 'காஜி', அதாவது சம்பளம். எனக்கு வருவது 'எலாவுன்', பயிற்சிக்குக் கொடுக்கும் படிக்காசு. இருவரும் சேர்ந்த திட்டம் வேறு வேறு, அதனால் காசும் வேறு.

"பயிற்சியா? எனக்கு இந்த வேலையக் கத்துக் குடுத்ததே இவங்கதானே!" என்று அவள் தமிழில் கத்திவிட்டு, பிறகு மலாயில் சொன்னாள். பொறுப்பாளர் சிரித்தார்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அரைப்பேருக்கு மலாய் வார்த்தை தெரியாததால், "பாதியா?" என்று மட்டும் கேட்டேன்.

இல்லை, முழுசுதான், என் வேலையில் குறையே இல்லை என்றார்.

முழுப்பேர், ஆனால் குறைந்த காசு. தோட்டத்தில் இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. வீடு போய்ச் சேரும்வரை யோசித்தேன். நிம்மதிப்படுவதா, கோபப்படுவதா என்றே விளங்கவில்லை.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கே போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவள் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"பயிற்சிக்கார அக்கா, வந்து ஒரு காதப் புடிங்க."

ஆளுக்கொரு காதாகத் தூக்கினோம். அவள் பக்கம் கனமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒரே கனந்தான் லா" என்றாள்.