வெட்டுமேசைக்குத் தெரிந்த தோட்டா

கடமானை எப்படிச் சுட்டான் என்பதைச் சுட்டவன் வாயிலிருந்து கேட்கக் கூடாது, செத்த மானின் தோளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது க்ளெனிஸ் ஹார்டிகனின் கட்சி. ஆஸ்திரேலியாவில், கிப்ஸ்லாந்து மலையடியில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், முப்பத்தொரு வருஷமாக மான் அறுப்பது அவள்தான். கணவன் லிண்ட்சே சுட்டது, பக்கத்துப் பண்ணை புரூனோ ஃபாப்ரிஸ் சுட்டது, எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். ஆண்கள் வெளியே பீர் குடித்துக்கொண்டு, "நேரா நெஞ்சுல" என்று அளந்துகொண்டிருப்பார்கள். அவள் தோலை உரித்தால் குண்டு விலாவைத் தாண்டிப் போயிருக்கும்.

"புரூனோ, நெஞ்சு எப்ப குடல் பக்கம் குடி வந்துச்சு?" என்று கொட்டகைக்குள்ளிருந்தே கத்துவாள்.

துப்பாக்கி பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கறி சொல்லிக் கொடுத்ததுதான். வேகமான குண்டு பட்ட தோள், ரத்தம் கட்டிக் கொழகொழத்துப் போய் நாய்க்குத்தான் ஆகும். கனமாக, நிதானமாகப் போகும் குண்டு பட்டதென்றால் துளையின் விளிம்பு வரை வெட்டிக் குழம்பு வைக்கலாம். பத்திரிகைகளில் படம் போட்டு எழுதுகிறவர்கள் யாரும் ஒரு தோளை முழுசாக எலும்பெடுத்திருக்க மாட்டார்கள் என்பது அவள் எண்ணம்.

போன வருஷம் ஜூனில் லிண்ட்சே ஒரு பெண் மானைக் கொண்டுவந்தான். உரித்துப் பார்த்தாள். முதல் குண்டு நெஞ்செலும்புக்கு அடியில், முன்னங்காலை உரசிக்கொண்டு போயிருந்தது. ஓடியதைத் துரத்திப் போய் இரண்டாவது குண்டில் முடித்திருக்கிறான். "கிளை தட்டிடுச்சு" என்றான். ஜூலையில் இன்னொன்று. அதிலும் முதல் அடி கீழே. கிளை இரண்டு தடவை ஒரே இடத்தில் தட்டாது.

அதற்கு முந்தின கோடையில்தான் அவன் வைக்கோல் கொட்டகை ஏணியிலிருந்து விழுந்து வலது தோளைக் கெடுத்துக்கொண்டிருந்தான். சரியாகிவிட்டது என்று டாக்டரிடமும் சொன்னான், அவளிடமும் சொன்னான். சட்டை போடும்போது மட்டும் வலது கையை முதலில் நுழைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொள்வான். சுடும்போது தோளில் விழப்போகும் அடிக்குப் பயந்து, குண்டு வெடிப்பதற்கு முன்னாலேயே உடம்பு துப்பாக்கியைக் கீழே அமுக்குகிறது. க்ளெனிஸுக்கு அது ஜூலையிலேயே விளங்கிவிட்டது.

சொல்லவில்லை. ஊரில் யாருக்கும் எதையும் சொல்லாமல் விட்டவள் இல்லை அவள். சர்ச் விற்பனையில் போதகர் மனைவி சுட்ட ஸ்கோன் ரொட்டியைக் கல் என்று சொன்னவள். ஆனால் வேலை பார்த்த மர அறுவை மில் மூடிய பிறகு லிண்ட்சேக்கு மலையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. சொல்லிவிட்டால் அதுவும் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு பெரிய ஆண் கடமான் அடிபட்டு ஓடியது. லிண்ட்சே நாயோடு இரண்டு நாள் ரத்தத்தடம் பார்த்து நடந்தான். தடம் ஆற்றில் போய் முடிந்தது. திரும்பி வந்தவன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "என் முன்னூத்தெட்டு துப்பாக்கி பத்தாது க்ளென். கடமானுக்குப் பெரிசா வேணும். இன்னொன்னு இப்படி ஓடிச்சுன்னா நான் மலையே ஏறமாட்டேன்" என்றான்.

அப்போதும் அவள் சூப்பைத்தான் கிளறிக்கொண்டிருந்தாள்.

இந்த ஜூனில் புரூனோ தன் முந்நூற்று முப்பத்தெட்டு மேக்னம் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். சனிக்கிழமை காலை, பின்வயல் மண்மேட்டில் குறி அட்டையை நட்டு, பழைய மேசையில் மணல்மூட்டை போட்டார்கள். க்ளெனிஸும் வந்து நின்றாள்.

"நீ எதுக்கு வந்த? உரிக்க இங்க ஒண்ணும் இல்லியே?" என்றான் புரூனோ.

"உன் தோல் இருக்கே."

"கேட்டியா லிண்ட்சே, உன் பொண்டாட்டிக்கு என் மேல எவ்ளோ பிரியம்! இங்க பாரு, இது கையில இருந்தா மான் ரெண்டாவது அடி எடுத்து வைக்காது."

"அப்ப போன வருஷம் உன் மான் ஏன் ஓடை வரைக்கும் போச்சு? தண்ணி தாகமா?"

"முதல்ல பழசு எவ்ளோ சொத்தைன்னு காட்டுறேன்" என்று லிண்ட்சே தன் முந்நூற்றெட்டை எடுத்தான்.

"குடு, நான் நிரப்பித் தர்றேன்" என்றாள் க்ளெனிஸ்.

நான்கு தோட்டாக்கள் போட்டாள். மூன்றாவது, தோட்டா தயாரிக்கும்போது அளவு பார்ப்பதற்காக லிண்ட்சேயே செய்து அலமாரியில் வைத்திருந்தது; வெடிமருந்து கிடையாது, வெடிக்காது.

முதல் குண்டு அட்டையின் கீழ்விளிம்பில் பட்டது. இரண்டாவது மண்ணில். "பாத்தியா, குழல் தேஞ்சு போச்சு" என்றான். மூன்றாவதற்கு விசையை இழுத்தான். க்ளிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. துப்பாக்கி முனை, கோழி தீவனத்தைக் கொத்துகிற மாதிரி, கையகலத்துக்குக் கீழே குத்தி நின்றது.

புரூனோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார் போட்டது?" என்றான் லிண்ட்சே.

"நான்தான்."

லிண்ட்சே முனையை மண்மேட்டுப் பக்கமே வைத்தபடி எல்லாத் தோட்டாவையும் வெளியே எடுத்தான். மேசையில் ஒவ்வொன்றாக நிறுத்தினான். பிறகு கேட்டான்: "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"போன ஜூலை."

"அந்தப் பெரிய மானுக்கு முன்னாடியே?"

"முன்னாடியேதான்."

அவன் அவளைப் பார்த்தான். "ஊர்ல எல்லாரையும் கிழிக்கிற வாய். என்கிட்ட மட்டும் எதுக்கு மூடிச்சு?" என்று கேட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

புரூனோ தன் மேக்னத்தைப் பையில் போட்டுக்கொண்டான். "இது வேணாம். இது முன்னூத்தெட்டைவிட ரெண்டு பங்கு அறையும். அவன் தோளுக்கு…" என்று இழுத்தான்.

"தெரியுது. டீ போடறேன், குடிச்சிட்டுப் போ."

ஐந்து நாள் லிண்ட்சே அவளிடம் உப்பு கேட்கவும் வாய் திறக்கவில்லை. அவளும் சமாதானம் பேசவில்லை. தப்பு அவளுடையது, அதற்கு இனிப்புப் பூசுவது அவளுக்கு வராது. ஆறாம் நாள் அவனே டாக்டரிடம் போனான். வந்ததும், அவளுடைய அப்பா வடக்கே எருமை சுட்ட ஒன்பது புள்ளி மூன்று துப்பாக்கியைப் பெட்டகத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். இருபது வருஷமாக அதை மாட்டுவண்டி என்று கேலி செய்தவன் அவன்தான்.

"இது எப்படி?"

"கனமான குண்டு, வேகம் கம்மி. அறையாது, தள்ளும். துப்பாக்கியே வெயிட்டு, பாதி அடிய அதுவே வாங்கிக்கும். கறியும் கெடாது."

"தூரம் போகாதே."

"புதருக்குள்ள நாப்பது மீட்டர்ல சுடற உனக்கு எதுக்குத் தூரம்? நிலாவையா சுடப் போற?"

அவன் உதடு கொஞ்சம் அசைந்தது. "முன்னூத்தெட்டே போதும்னு சொல்லமாட்டியா?"

"மானுக்குப் போதும். அந்தச் சுரீர்னு அடிக்கிற அடிதான் உன் உடம்புக்கு ஞாபகம் இருக்கு. அத மறக்கணும்."

ஜூலை முழுக்க, சாப்பாட்டுக்குப் பிறகு, சின்ன இருபத்திரண்டு துப்பாக்கியில் டின் மூடிகளைச் சுட்டான். பிறகு அடிப்பக்கம் தடித்த ரப்பர் வைத்த ஒன்பது புள்ளி மூன்று. தோட்டா நிரப்புவது அவள் வேலை. எதில் மருந்து இருக்கிறது, எதில் இல்லை என்று அவனுக்குத் தெரியாது. முனை குத்தும் ஒவ்வொரு தடவையும், "கோழி" என்பாள். முதல் வாரம் கோழிப்பண்ணையாகவே இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு மதியம் ஒரு கோழிகூட இல்லை.

செப்டம்பரில் மலை ஏறினான். முதல் நாள் வெறுங்கையோடு வந்தான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நல்ல ஆண் மான் நின்றதாம். தூரம் அதிகம் என்று சுடவில்லையாம். அன்று இரண்டு தட்டு சாப்பிட்டான். நான்காம் நாள் புரூனோவின் வண்டியில் ஒரு பெண் மான் வந்து இறங்கியது. ஒரே குண்டு. இருபது அடி நடந்து விழுந்ததாம்.

ஆண்கள் இந்த முறை வெளியே நிற்கவில்லை. லிண்ட்சே மேசைக்கு எதிரே பீர் இல்லாமல் வந்து நின்றான். க்ளெனிஸ் கத்தியைத் தீட்டிக்கொண்டு தோலை விலக்கினாள். தோளில் ரத்தக்கட்டு இல்லை. சுத்தமான துளை, நுரையீரல் வழியாக இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிருந்தது. அவள் விரலை வைத்து அளந்தாள். இன்னொரு தடவையும் அளந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு விரல் பின்னாடி" என்றாள்.

"அவ்ளோ நல்லா சுட்டிருக்கான், இதுலயும் நொட்டை சொல்றியே!" என்றான் புரூனோ.

"நீ சும்மா இரு புரூனோ" என்றான் லிண்ட்சே. "கீழயா?"

"கீழ இல்ல. பின்னாடி. அது நடந்துட்டு இருந்துச்சா?"

"ஒரு அடி எடுத்து வச்சுச்சு."

"அப்ப மானோட தப்பு" என்று சொல்லிவிட்டு, தோளைத் துளையின் விளிம்பு வரை வெட்டி எடுத்துப் பாத்திரத்தில் போட்டாள். "வெங்காயம் உரிங்க, ரெண்டு பேரும்."