கோயம்புத்தூரை விடப் பக்கம்

வீரம்மாளுக்கு பஸ் ஆகாது. கே.கே. நகரில் இட்லிக்கடை நடத்தி மகளை இன்ஜினியராக்கியவள், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். கணவர் காத்தமுத்துவின் ஆட்டோ போகிற தூரம்தான் அவளுடைய உலகம்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த மகள் பிரேமலதா எத்தனையோ முறை கூப்பிட்டும் அவள் போகவில்லை. இப்போது பிரேமலதா மாசமாக இருந்தாள். ரத்தக்கொதிப்பு இருப்பதால் விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீ வர முடியாட்டி பரவாயில்லம்மா, ஆள் வச்சுக்கறோம்" என்றாள் போனில். அந்தப் 'பரவாயில்ல' வீரம்மாளைக் குடைந்துகொண்டே இருந்தது.

காத்தமுத்து விசாரித்துக்கொண்டு வந்தார். "மூவாயிரம் கிலோமீட்டராம். ஆனா நாலு மணி நேரந்தான். கோயம்புத்தூர் பஸ்ஸுக்கே அதுக்கு மேல ஆகுது."

வீரம்மாள் கேட்டாள்: "அப்ப கோயம்புத்தூர் போயிட்டா, சிங்கப்பூரும் போயிடலாங்களா?"

ஞாயிறுதோறும் கடையைச் சாத்திவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். லால்குடிக்குப் போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. தஞ்சாவூருக்கு, போகும்போது மட்டும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தத் தைரியத்தில் கோயம்புத்தூர் கிளம்பியவள் கரூரிலேயே இறங்கிவிட்டாள். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, இத்தோடு போதும் என்று அழுதாள். காத்தமுத்து சோடா வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பவும் பஸ்தானே ஏற வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த முறை கோயம்புத்தூர் சிங்காநல்லூர் வரை போய் இறங்கி, ஒரு வெங்காய ஊத்தப்பத்தை நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். "டிக்கெட் போடு."

காத்தமுத்து ஏர்போர்ட் வரைதான் வந்தார். விமானம் மேலே கிளம்பியபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பக்கத்து சீட்டில் யாரோ குமட்டும் சத்தம் கேட்டது. தஸ்லிமா என்ற புதுப்பெண், கணவனிடம் முதல்முறையாகப் போகிறவள், முகம் வெளுத்து நடுங்கிக்கொண்டிருந்தாள். வீரம்மாள் முன் சீட்டில் செருகியிருந்த வாந்திப் பையை உருவி விரித்து, அந்தப் பெண்ணின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். "வெக்கப்படாத தாயி, வர்றது வந்துட்டா சரியாயிடும்." முகம் துடைத்துவிட்டு, மாத்திரை கொடுத்து, தோளில் சாய்த்துத் தூங்க வைத்தாள். தன் வயிற்றைப் பற்றி நினைக்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. இறங்கப்போகிறோம் என்று மைக்கில் அறிவித்தபோது நம்பக்கூட முடியவில்லை.

வெளியே பிரேமலதா வயிற்றைத் தாங்கியபடி நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

பத்தாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். மாப்பிள்ளையோடு ரசஞ்சோறு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று ஒரு மாடி பஸ் வந்து நின்றது. கீழே உட்காரலாம் அத்தை என்றார் மாப்பிள்ளை. அதற்குள் வீரம்மாள் கைப்பிடியைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.