டிரையரில் காயவைத்த மலை

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஆம்பூரில் தோலுக்கு நிறம் ஏற்றுகிற வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வெளிநாட்டுக்காரன் அனுப்பும் சாம்பிள் துண்டை ஜன்னலோரம் பிடித்து ஒரு முறை பார்ப்பேன். அதே நிறம் என் வாளியில் இருக்கும். அப்படித்தான் சொந்தத் தொழிற்சாலை வைத்தேன். அதை மகனிடம் விட்ட பிறகு, ஆயில் பெயிண்டிங் கற்கப் போனேன். நிறம்தானே, நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

காட்பாடியில் மகன் கட்டிய வீட்டு ஹாலில் நான் வரையப்போகும் ஏலகிரி மலைப் படம்தான் மாட்டப்படும் என்று சொந்தபந்தம் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

"கடையில ஒண்ணு வாங்கி மாட்டிடலாங்க. நாலு பேர் சிரிக்கப் போறாங்க," என்றாள் மனைவி.

"எவன் சிரிக்கிறான்னு பார்க்கிறேன்," என்றேன்.

மலையைப் பச்சையும் நீலமுமாகக் கனமாக அப்பினேன். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். புதன்கிழமையும் பெயிண்ட் காயாமல் கையில் ஒட்டியது. எங்கள் தொழிலில் நிறம் அடித்த தோலை டிரையருக்குள் விட்டால் மறுமுனையில் காய்ந்து வந்துவிடும். படத்தையும் அதிலேயே விட்டேன்.

வெளியே வந்த மலை, ஆட்டுத் தோலின் வயிற்றுப் பக்கம் மாதிரி சுருங்கியிருந்தது. அழுத்தினால் உள்ளே சொதசொத.

வரையக் கற்றுத்தரும் டீச்சரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சிரிக்கவில்லை.

"சார், இது தண்ணி மாதிரி காயாது. எண்ணெய் காத்துல மெதுவா இறுகும். சூடு காட்டினா மேல ஆடை கட்டிக்கும், உள்ள அப்படியே நிக்கும்."

"ஞாயித்துக்கிழமை விசேஷம் மேடம்."

"சுரண்டிட்டு, டர்பன்டைன் விட்டு மெல்லிசா ஒரு கோட் போடுங்க. ஞாயித்துக்கிழமைக்கு அவ்ளோதான் வரும்."

ஒரு ஷிப்மெண்டைக்கூடத் தேதி தவறவிட்டவன் இல்லை நான். பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினேன். மெல்லிசாகப் பூசியபோது அடியிலிருந்த துணியின் வெள்ளை, மலைக்குப் பின்னால் விடியல் வெளிச்சம் போலத் தெரிந்தது. அப்பி அப்பி அதை நானேதான் மூடி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு பூச்சோடு ஹாலில் மாட்டினேன். விசேஷத்துக்கு வந்திருந்த சம்பந்தி கிட்டே வந்து பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, மலை பாதியில நிக்குது? பஸ் கிடைக்கலையா?"

"இன்னும் ரெண்டு கோட் பாக்கி இருக்கு. பொங்கலுக்கு வந்து பாருங்க."

அவர் விரல் நீண்டது. மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதீங்கண்ணா, ஈரம். அவரே போட்டது."

அன்று சாயங்காலம் வரை அவள் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள்.

நேற்று இரண்டாவது பூச்சு போட்டிருக்கிறேன். இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.