பட்டில் பதிந்த ஐந்து விரல்கள்

பாலகணேஷால் ஓரிடத்தில் நிற்க முடியாது. கைகள் அவனை நிற்க விட்டால்தானே? மார்கழிப் பனியிலும் உள்ளங்கைகளில் வேர்வை சொட்டும். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையோ தி. நகர் பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது. கீழ்த்தளத்தில் துண்டு விற்றவன், ஏழு வருஷம் பாடுபட்டு மாடிக்கு வந்திருந்தான்.

சட்டைப் பையில் திருச்செந்தூர் விபூதிப் பொட்டலம் வைத்திருப்பான். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டால் அரை மணி நேரம் தாங்கும். பார்த்தவர்கள் பக்திமான் என்றார்கள். அவனும் மறுக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் அந்த விபூதியே அவன் தலையில் கல்லைப் போட்டது. மயிலாப்பூரிலிருந்து நெற்றியில் பளிச்சென்ற திருமண்ணோடு வேதாந்தம் வந்தார். கூடவே அவர் மனைவி கோமளம். மகளுக்குக் கூறைப் புடவை. அரக்குப் பட்டை விரித்துவிட்டு பாலகணேஷ் கையை எடுத்தான். வேர்வையில் குழைந்த விபூதி, ஐந்து விரல்களையும் அப்படியே பட்டில் அச்சடித்திருந்தது.

கோமளத்தின் முகம் வெளுத்துவிட்டது. "பெருமாளை சேவிக்கற ஆத்துப் பொண்ணோட கூறையில விபூதியா? ஏந்திருங்கோன்னா, வேற கடை பாத்துக்கலாம்."

அவர்கள் படியிறங்கியதும் முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி அந்தப் புடவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கறை போகாது.

"ஏலே, தை பொறக்கதுக்குள்ள கையக் காய வச்சிட்டு வா. இல்லாட்டி பழையபடி துண்டு, லுங்கி பக்கம் போயிரு."

அன்றே அடையாறுக்கு ஓடினான். தோல் மருத்துவர் விஜயலக்ஷ்மி அவன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பயமும் இல்லை, பாவமும் இல்லை, வியாதி என்றார். இருபத்தாறு வயதுவரை யாரும் அவனிடம் சொல்லாத வார்த்தை. அவனுக்கு அழுகை முட்டியது.

இரவில் மட்டும் பூசச் சொல்லி ஒரு மருந்துத் தண்ணீர் கொடுத்தார். அவசரக்காரன், மூன்று வேளையும் பூசினான். தோல் வெடித்தது. வெடிப்பில் பட்டு இழை மாட்டிக்கொண்டு பிரிந்தது. அடுத்து மாத்திரை. வேர்வை குறைந்தது; ஆனால் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. புடவையின் விலையைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. பேச முடியாத விற்பனையாளனை எந்தக் கடை வைத்துக்கொள்ளும்?

மார்கழி பத்தாம் தேதி மனைவி தங்கத்தையும் அழைத்துக்கொண்டு போனான். இன்னும் இரண்டு வழிகள்தான் என்றார் டாக்டர். தண்ணீர்த் தட்டில் கையை வைத்து லேசாக மின்சாரம் செலுத்துவது ஒன்று. மெதுவாகக் கேட்கும், விடாமல் செய்ய வேண்டும். மற்றது, நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் ஆபரேஷன். கை உடனே காய்ந்துவிடும். பிறகு முதுகிலும் தொடையிலும் வேர்வை கொட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

"முதுகு வேர்த்தா புடவையில படாதுல்ல டாக்டர்? ஆபரேஷனே பண்ணிருங்க."

டாக்டருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சம்மதப் படிவத்தில் மனைவியின் கையெழுத்தும் வேண்டும் என்றார். தங்கம் பேனாவைத் தொடவில்லை.

"கடைக்கு உங்க கை மட்டும் போதும். எனக்கு முழு ஆளும் வேணும்லா."

அவனுக்குக் கோபம் வந்தது. வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். கடைசியில், மின்சாரத்துக்கு உலோகம் ஆகாதென்று மோதிரத்தைக் கழற்றித் தங்கத்திடம் கொடுத்துவிட்டு, தட்டுத் தண்ணீரில் கைகளை வைத்தான்.

ஒருநாள் விட்டு ஒருநாள், இருபது நிமிஷம். எறும்பு ஊர்வது போல் விரல்கள் குறுகுறுக்கும். நேரமாயிற்றா என்று நர்ஸைக் கேட்டுக்கொண்டே இருப்பான். நான்கு முறை ஆயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. இரவெல்லாம் புரண்டான். ஏழாம் முறைக்குப் பிறகு வலது கை காய்ந்தது. இடது கை மட்டும் பிசுபிசுத்தது.

தை இரண்டாம் தேதி. மாடியில் அண்ணாச்சி ஒரு வெளிர் மஞ்சள் பட்டை எடுத்து மேசைமேல் போட்டார். பாலகணேஷ் வலக்கையால் மட்டும் தள்ளித் தள்ளி விரித்தான்.

"ரெண்டு கையாலயும் விரிலே."

விரித்தான். இடது உள்ளங்கை பட்டில் முழுதாய் அழுந்தியது. அங்கே பார்க்கத் துணிவின்றிக் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணாச்சி குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த இடத்தை விரலால் தடவினார். கடையின் சுவர்க் கடியாரச் சத்தம் அவன் காதில் இடித்தது.

"கறை ஒண்ணும் இல்ல. போய் டீ குடிச்சிட்டு வா," என்றார் அவர் புடவையை மடித்தபடியே. "பதினொரு மணிக்குக் கல்யாணக்காரங்க வாராங்க. நீதான் காட்டணும்."

"அண்ணாச்சி, வியாழக்கிழமை ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். இது இன்னும் முடியல."

"போ. யாரு வேண்டாம்னா?"

அவன் படியிறங்கினான். வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள். பதினொரு மணிக்கோ ஒரு மணி நேரம்கூட இல்லை.